டீச்சருக்கு எதற்குத் தறிக்குழி

சிவமயம்

ஜோலார்பேட்டை
8-3-1970

அன்புள்ள அண்ணனுக்குக் குழலி வணங்கி எழுதுவது. இங்கே அவர், நான், காந்தா மூவரும் சுகம். காந்தாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறாள். அங்கே நீ, அண்ணி, அம்சா, தறி எல்லோரும் சுகமா?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை வந்துவிட்டது. டிரெயினிங் முடித்து இத்தனை நாள் அடுப்படியில் காத்திருந்ததற்கு நம் காஞ்சிபுரத்திலேயே பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராகப் போட்டிருக்கிறார்கள். ஜூன் எட்டாம் தேதி பள்ளி திறக்கிற அன்றைக்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. இவர் ரயில்வே கார்டு, பாதி நாள் வண்டியில்தான் குடித்தனம். ஓய்வு நாளில் அரக்கோணத்தில் வண்டி மாறி அங்கேயே வந்துவிடுகிறேன் என்கிறார்.

ஆகையால் எனக்கும் காந்தாவுக்கும் நீ ஒரு வீடு பார்க்க வேண்டும். கோபப்படாமல் மேலே படி. நம் வீடு இருக்கத் தனி வீடு எதற்கு என்று நீ குதிப்பாய் என்று தெரியும். ஆனால் நம் வீட்டில் கூடம் முழுக்கத் தறி. மிச்சம் இருக்கிற ஒற்றை அறையில் நீங்கள் மூவரும் படுப்பதே நெருக்கடி. இவர் வரும் நாளில் எல்லோருக்கும் சங்கடம். அதனால் பிள்ளையார்பாளையத்திலோ பக்கத்திலோ ஒரு சின்ன போர்ஷன் போதும். குழாய் வேண்டும், கக்கூஸ் வேண்டும், பள்ளிக்கு நடந்து போகிற தூரம் வேண்டும். நாற்பது ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது.

அண்ணிக்கு என் அன்பு. தறியில் இப்போது என்ன ஓடுகிறது, யார் கல்யாணத்துக்கு என்று மறக்காமல் எழுது.

உன் தங்கை
ஏலவார்குழலி


சிவமயம்

காஞ்சிபுரம்
17-3-1970

அன்புத் தங்கை குழலிக்கு அண்ணன் பரமசிவம் எழுதியது. இங்கு நாங்கள் மூவரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியம் கேட்டு மகிழ்ந்தேன்.

உனக்கு வேலை கிடைத்ததைக் கைத்தறிச் சங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை இரண்டு எடுத்துக்கொண்டார். அப்பா இருந்திருந்தால் மேளம் வைத்திருப்பார்.

வீடு பார்க்கச் சொல்லியிருந்தாய். பார்க்கிறேன். வீட்டுத் தரகர் ஆதிகேசவனைப் பிடித்தேன். அவர் முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி போர்ஷன் காட்டினார். இரண்டு அறை, குழாய், கக்கூஸ் எல்லாம் உண்டு. முப்பத்தைந்து ரூபாய். உன் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். ஆனால் எனக்கு ஒப்பவில்லை. மாடி வீட்டில் தரை என்பதே கிடையாது, அடியில் அடுத்தவன் தலைதான் இருக்கிறது. அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் கடிதங்களைச் சங்கத்து விலாசத்துக்கு எழுது. புதுத் தபால்காரர் வீடு மாற்றிப் போட்டுவிடுகிறார்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். காந்தாவுக்கு ஆசி.

இப்படிக்கு
பரமசிவம்


சிவமயம்

ஜோலார்பேட்டை
21-3-1970

அன்புள்ள அண்ணனுக்குக் குழலி. எல்லோரும் நலம். வெயில் மட்டும் இப்போதே தாங்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ சண்டை போடுவாய் என்று பதில்களையெல்லாம் அடுக்கித் தயாராக வைத்திருந்தேன். நீயோ சண்டையே போடவில்லை. தங்கை சொந்த ஊரில் தனி வீட்டில் இருக்கிறேன் என்றதும் 'பார்க்கிறேன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால் சந்தோஷமாகப் பதில் எழுதியிருப்பேன்.

மாடி வீட்டில் என்ன குறை என்று சத்தியமாகப் புரியவில்லை. கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம், குழாய், கக்கூஸ், கேட்டதற்குக் குறைந்த வாடகை. இதை விட்டுவிட்டுத் தரை இல்லை என்கிறாய். எனக்குத் தரையை வைத்துக்கொண்டு என்ன வேலை? நெல்லா உலர்த்தப் போகிறேன்? இவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் மாடிப்படி ஏறிப் பழகாதவரு, அதான்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

போனது போகட்டும். அடுத்த வீட்டைப் பார். கிடைத்தால் மாடியானாலும் எனக்குச் சம்மதம்.

தறியில் என்ன ஓடுகிறது என்று கேட்டிருந்தேனே, எழுத மறந்துவிட்டாய்.

உன் தங்கை
குழலி


சிவமயம்

காஞ்சிபுரம்
6-4-1970

அன்புத் தங்கை குழலிக்கு, நலம் பல. பங்குனி உற்சவம் நல்லபடியாக நடந்தது. பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது, வேலை அதிகம்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீடு பார்த்தேன். பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. கருட சேவைக்குச் சுவாமி வாசலிலேயே வருவார் என்று ஆதிகேசவன் அதற்கே தனி வாடகை கேட்பவர்போலப் பேசினார். எனக்கு யோசனை வேறு மாதிரி போனது. சேவைக்கு வருகிற அத்தனை சொந்தக்காரர்களும் உன் வீட்டில்தான் செருப்பை விடுவார்கள்.

கீழ்வீடுதான். தரை நல்ல மண் தரை, ஓதம் இல்லை. ஆனால் கூடம் பதினோரு அடிதான். அளந்து பார்த்தேன். வெளிச்சமும் எதிர்ப்பக்கமாக விழுகிறது, கண்ணைக் கூசும். தெருவும் நடுவில் வளைகிறது, பாவு நூல் இழுக்கத் தோதுப்படாது. வீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டார். ஆறு பேர் என்றதும் கிணற்றை ஒரு பார்வை பார்த்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உன் அண்ணி நலம். அம்சா நலம். நீ கவலைப்படாதே, நாள் இருக்கிறது.

இப்படிக்கு
பரமசிவம்


சிவமயம்

ஜோலார்பேட்டை
10-4-1970

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். காந்தாவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. பயப்பட வேண்டாம், இன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டேன்.

எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. நீ பதில் சொல்ல வேண்டும்.

தெருவில் பாவு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவது நெசவுக்காரர் வேலை. நான் கையில் சாக்குக் கட்டியோடு போகிறவள். என் வீட்டுத் தெரு வளைந்தால் எனக்கென்ன, நெளிந்தால் எனக்கென்ன? கூடத்தை எதற்கு அளந்தாய்? வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் என் சாம்பார் கொதிக்காமல் போய்விடும்? நீ வீடு பார்க்கிறாயா, தறிக்கு இடம் பார்க்கிறாயா? சிரிப்பாகத்தான் முதலில் இருந்தது. தறிக்காரர் கண்ணுக்கு எல்லா வீடும் தறிக்கூடமாகத்தான் தெரியும்போல என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மரியம்மாளிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

அப்புறம் ஒரு இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆறு பேர் என்று எழுதியிருக்கிறாயே, யார் அந்த ஆறு பேர்? நான், காந்தா, எப்போதாவது இவர். மூன்றுக்கு மேல் எப்படி எண்ணினாலும் வரவில்லை.

இதற்கு மட்டுமாவது பதில் எழுது. தறியைப் பற்றி நீ இன்னும் எழுதவில்லை.

உன் தங்கை
குழலி


சிவமயம்

காஞ்சிபுரம்
27-4-1970

அன்புத் தங்கைக்கு, அம்மை இறங்கியது தெரிந்து நிம்மதி. குழந்தைக்கு இளநீர் கொடு. மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்.

வீடு அமைந்துவிட்டது என்றே சொல்லலாம். பிள்ளையார்பாளையத்திலேயே, கிருஷ்ணம்மாள் என்ற தெலுங்குக்கார அம்மாளின் வீடு. அந்தம்மாள் பின்கட்டில் இருக்கிறார். முன்கட்டு முழுக்க நமக்கு. வாசலில் நுழைந்ததும் எனக்கு மனசு ஆறிவிட்டது. கூடம் இருபது அடிக்குக் குறையாது. மேலே கண்ணாடி ஓடு இரண்டு பதித்து இடது பக்கமாக வெளிச்சம் வருகிறது. மேல்காற்று நேராக உள்ளே வந்து நூலை உலர்த்தாதபடி சுவர் மறைக்கிறது. தெரு கோடு கிழித்தாற்போல நேர். மூலையில் பழைய குழி ஒன்று இருக்கிறது. யாரோ ஓட்டுச் சில்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள். சில்லை வாரினால் தரை கெட்டியாகத்தான் இருக்கும். நான் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆதிகேசவன், "இன்னா பரமசிவம், டீச்சரம்மா குடியிருக்கப்போற வூட்டுக்குத் தறிக்குழி இன்னாத்துக்குப்பா?" என்றார். நான் வாடகை எவ்வளவு என்று கேட்டேன்.

குழாய் வீட்டுக்குள் இல்லை, தெரு முனையில் அடிபம்பு. கக்கூஸ் கொல்லைக் கடைசியில். பள்ளிக்கூடம் ஒரு மைல் இருக்கும். வாடகை ஐம்பத்தைந்து சொல்கிறார். உன் கணக்குக்கு மேல்தான். இருந்தாலும் இந்த வீட்டை விட மனம் வரவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு
பரமசிவம்


சிவமயம்

ஜோலார்பேட்டை
1-5-1970

அன்புள்ள அண்ணனுக்கு. எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கேட்டது குழாய், கக்கூஸ், பள்ளிக்குப் பக்கம், நாற்பது ரூபாய். நீ காட்டுகிற வீட்டில் இந்த நாலில் கொல்லைக் கடைசிக் கக்கூஸ் ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கம் முழுக்க அந்த வீட்டையே எழுதியிருக்கிறாய். நம் வீட்டிலிருந்து அது எத்தனை வீடு தள்ளி என்று மட்டும் எழுதவில்லை. வேறு யாராக இருந்தாலும் முதலில் எழுதுவது அதைத்தான்.

அண்ணா, எனக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில், தறியில் என்ன ஓடுகிறது என்று எழுதாத கடிதம் நீ ஒன்றுகூடப் போட்டதில்லை. மாம்பழக் கலர் புடவைக்கு அரக்குக் கரை, ஜரிகை வர நாளாகிறது, எந்த ஊர்ப் பெண் உடுத்தப் போகிறாள் என்று எழுதுவாய். இங்கே ரயில் சத்தத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புடவைகளையெல்லாம் நான் மனசுக்குள்ளேயே பார்ப்பேன். பொங்கலுக்கு அப்புறம் நீ எழுதிய எதிலும் தறி இல்லை. கடிதத்தை வீட்டுக்கு எழுத வேண்டாம் என்கிறாய். உன் வாயில் ஆறு பேர் என்று வருகிறது. நம் வீட்டுக்கு வா என்று ஒப்புக்குக்கூட நீ கூப்பிடவில்லை.

தெளிவாகவே கேட்கிறேன். நம் வீடு இருக்கிறதா, இல்லையா?

குழலி


மாகறல்
16-5-1970

அன்புள்ள குழலிக்கு அண்ணி ரேணுகாம்பாள் எழுதிக்கொள்வது. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

என் எழுத்தைப் பார்த்து நீ ஆச்சரியப்படுவாய். ஐந்தாவதோடு நின்ற கை. தப்பு இருந்தால் டீச்சர் மன்னிக்க வேண்டும். நீ கேட்ட கேள்வி வந்து பதினைந்து நாள் ஆகிறது. உன் அண்ணன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். எழுதவும் மாட்டார், என்னை எழுதவிடவும் மாட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே பைக்குள் காகிதம் சரசரக்கிறது. இனி பொறுக்க முடியவில்லை.

நம் வீடு இல்லை, குழலி. வீட்டுக்காரர் போன ஐப்பசியில் காலமானார். மகன் மெட்ராஸிலிருந்து வந்து, இடித்துக் கட்டப் போகிறேன், தைக்குள் காலி செய்யுங்கள் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். முப்பது வருஷம் இருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதானே? உன் அண்ணன், காலை இறக்கித் தறி மிதிக்கக் குழி உள்ள வீடாகத் தேடினார். கிடைத்ததெல்லாம் ஒற்றைத் தறி வருமானத்துக்குக் கட்டவில்லை. தை கடைசியில் இங்கே எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டோம். கழற்றிய தறி மாட்டுக்கொட்டகையில் மரமாகக் கிடக்கிறது. இவர் விடியற்காலையில் சைக்கிளில் காஞ்சிபுரம் போய் இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்துவிட்டு வருகிறார். பொண்டாட்டி வீட்டில் குடியிருக்கிறோம் என்று உனக்குத் தெரியக்கூடாது என்பார். மாப்பிள்ளை வீட்டில் உனக்குத் தலைகுனிவு ஆகிவிடுமாம்.

ஒன்று மட்டும் நீ நம்ப வேண்டும். உன் வீட்டில் ஒண்டிக்கொள்ள அவர் திட்டம் போடவில்லை. உனக்காகத்தான் போய்ப் பார்த்தார். பார்க்கிற இடத்தில் அவர் கால் தானாகக் குழியைத் தேடியிருக்கிறது. அந்த ஆறு பேர் விஷயத்தை என்னிடம் சொல்லி, "வாயில வந்துடுச்சு ரேணு. சொன்னப்புறந்தான் எனக்கே தெரிஞ்சுது" என்றார். 

கிருஷ்ணம்மாள் வீட்டை பாங்கிக்காரர் ஒருவர் கேட்கிறாராம். மாதக் கடைசி வரைதான் அந்தம்மாள் பொறுப்பாராம்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே என்று சொல்ல நினைத்தேன். காட்டிக்கொள், பரவாயில்லை.

உன் அண்ணி


சிவமயம்

ஜோலார்பேட்டை
18-5-1970

அண்ணா,

அண்ணி எழுதிவிட்டாள். அவளைத் திட்டினால் நான் உன்னோடு பேசமாட்டேன்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. வீடு போனதற்காக அழவில்லை. நாலு மாதம் என்னிடம் மறைத்தாயே, அதற்காகத்தான். நான் இங்கே தறி சுகமா, தறி சுகமா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உனக்கு எப்படி இருந்திருக்கும்? இவரிடம் சொன்னேன். உங்கள் அண்ணன் ரொம்ப யோசிக்கிறவர் என்று மட்டும் சொன்னார். எனக்குத் தலைகுனிவும் இல்லை, கால்குனிவும் இல்லை.

வழி ரொம்ப எளிது. கிருஷ்ணம்மாள் வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். நீயும் அண்ணியும் அம்சாவும் என்னோடு வந்துவிடுங்கள். கூடத்தில் தறி போட்டுக்கொள். குழாய் இல்லாவிட்டால் என்ன, நானும் அண்ணியும் மாறி மாறித் தண்ணீர் அடிக்கிறோம். உடனே ஆதிகேசவனிடம் சொல்லிவிடு. முன்பணம் மணியார்டரில் அனுப்புகிறேன்.

உன் தங்கை
குழலி


சிவமயம்

காஞ்சிபுரம்
22-5-1970

அன்புத் தங்கை குழலிக்கு, அனைவரும் நலம். மறைத்தது என் தப்புதான்.

நீ கூப்பிட்டது எனக்குப் பெரிது. ஆனால் வர முடியாது. மாகறலில் என் மச்சான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. நல்ல மனிதர். அப்படியும் அங்கே நான் கதவைச் சத்தம் போட்டுச் சாத்துவதில்லை. கிணற்றில் வாளியை மெதுவாக இறக்குகிறேன். அம்சா பாட்டுப் பாடினால் அதட்டுகிறேன். அங்கே மச்சான் வீடு, இங்கே மாப்பிள்ளை வீடு என்றால் எனக்கு என்ன வித்தியாசம்? கலியாணசுந்தரம் மாப்பிள்ளை ஓய்வு நாளில் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வருவார். நடுக்கூடத்தில் அவர் மைத்துனன் தறி போட்டு உட்கார்ந்திருந்தால் வாய் திறந்து சொல்லமாட்டார். அவர் சொல்லமாட்டார் என்பதுதான் எனக்குக் கஷ்டம்.

நீ அந்த மாடி போர்ஷனையே எடுத்துக்கொள். இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். உனக்கு வசதியானது அதுதான். அதை வேண்டாம் என்று சொன்னது என் புத்திக்குறைவு. சாவியை ஆதிகேசவனிடமே வாங்கி வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு
பரமசிவம்


சிவமயம்

ஜோலார்பேட்டை
25-5-1970

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் நலம். உன் கடிதம் இன்று காலையில் வந்தது. மத்தியானம் தபால் எடுப்பதற்குள் எழுதுகிறேன்.

போன கடிதத்தில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். உன்னை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அண்ணனை அப்படிக் கூப்பிடக் கூடாது. நீ கோபப்படாமல் பதில் எழுதியதற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

அதனால் மாற்றிச் சொல்கிறேன். எனக்குப் பிறந்த வீடு வேண்டும். நான் இந்தத் தடவை காஞ்சிபுரம் வந்தால் போய் இறங்க அண்ணன் வீடு என்று ஒன்று இருக்க வேண்டும். கிருஷ்ணம்மாள் வீட்டை நீ எடு. உன் பேரில், உன் கையால் முன்பணம் கொடுத்து, உன் தறியை இறக்கு. நானும் காந்தாவும் தாய்வீட்டுக்கு வருகிறோம். இவர் வந்தால் மச்சான் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளையாக வருவார், அண்ணி இலை போடட்டும். தாய்வீட்டில் தங்கியிருக்கிற பெண் அரிசி பருப்பு வாங்கிப் போடுவாள், மாசா மாசம் அண்ணி கையில் ஏதாவது கொடுப்பாள். அதற்கு வாடகை என்று உலகத்தில் யாரும் பேர் வைத்ததில்லை. இதைச் சொன்னதும் இவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இப்பத்தான் சரியா சொல்றே. அப்படின்னா நான் எந்த நேரத்துலயும் வந்து இறங்கலாம்" என்கிறார்.

முடியாது என்று எழுதினால் மாடி போர்ஷனுக்கே போகிறேன். ஆனால் ஒன்றை நினைத்துப் பார். ஜூன் மாதம் பஸ் ஸ்டாண்டில் நான் டிரங்குப் பெட்டியோடு இறங்கி, பரமசிவத்தின் கூடப்பிறந்தவள் ஆதிகேசவனிடம் சாவி வாங்கிக்கொண்டு படியேறுவதைப் பிள்ளையார்பாளையமே பார்க்கும். உன்னைக் கேட்பார்கள். அப்போது தரை, வெளிச்சம் என்று பதில் சொல்லிக்கொண்டிரு.

ஒருவர் குழாயடியில் நிற்பதும் ஒருவர் தறியில் இருப்பதும் எப்படியோ நடந்துவிடும். என்னை நீ கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

உன் தங்கை
குழலி


சிவமயம்

பிள்ளையார்பாளையம்
காஞ்சிபுரம்
31-5-1970

அன்புத் தங்கை ஏலவார்குழலிக்கு அண்ணன் பரமசிவம் ஆசீர்வதித்து எழுதுவது. நான், உன் அண்ணி, அம்சா மூவரும் சௌக்கியம். தறி இன்னும் சௌக்கியம் ஆகவில்லை, மாகறலிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருக்கிறது.

மேலே போட்டிருக்கிற விலாசத்தைப் பார்த்திருப்பாய். முந்தாநாள் முன்பணம் கொடுத்தேன். சங்கத்தில் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கினேன். உன் மணியார்டர் எதற்கும் தேவைப்படவில்லை. கிருஷ்ணம்மாள் அம்மாள் என்னை உட்காரவைத்து, "எவரெவரு வர்றாங்க நாயனா, நல்லா சொல்லிடு" என்று மகனைக் கேட்பதுபோலக் கேட்டார். நான் என் பெண்டாட்டி, என் மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர் உத்தியோகம் வந்து பிறந்த வீட்டுக்கு வருகிற என் தங்கை, அவள் மகள், ஓய்வுக்கு வந்து போகிற எங்கள் மாப்பிள்ளை என்று சொன்னேன். அந்தம்மாள் தறிச் சத்தத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் கொல்லையில் முருங்கையை ஒடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

நேற்று குழியை வாரினேன். ஓட்டுச் சில்லு கூடை கூடையாக வந்தது. வாரி முடித்ததும் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். தறி இல்லை, பாவு இல்லை, வெறும் குழியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டம்மாள் ஜன்னல் வழியே பார்த்துத் தரைக்கு மேலே பாதி ஆள் இருக்கிறான் என்று பயந்து கத்திவிட்டாள். கிருஷ்ணம்மாள் ஓடி வந்தார். ரேணுகா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. அம்சா நடுக்கூடத்தில் நின்று கத்திப் பாடினாள். நான் அதட்டவில்லை.

சாமி படம் மாட்டியாகிவிட்டது. பால் இன்னும் காய்ச்சவில்லை. வீட்டில் பிறந்த பெண் வந்து அடுப்பு மூட்டினால்தான் காய்ச்சுவேன் என்று உன் அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதுவரை பக்கத்துக் கடை டீதான் எங்களுக்கு.

நீயாகக் கிளம்பி வராதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ் ஸ்டாண்டிலும் இறங்காதே. வியாழக்கிழமை நான் அங்கே வருகிறேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ தட்டில் வைத்து மாப்பிள்ளையிடம் முறையாகக் கேட்டு உன்னையும் குழந்தையையும் அழைத்து வருகிறேன். அவருக்கு அன்று டியூட்டி இருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல். அண்ணன் வந்து அழைத்தால் அனுப்புகிறவர் வாசலில் இருக்க வேண்டும் இல்லையா?

காலை வண்டியில் வந்து இறங்குவேன். எனக்கும் சேர்த்து உலை வை.

உன் அண்ணன்
பரமசிவம்